மூன்று விரல் உயரம்

ஷார்ஜா பத்தாம் இண்டஸ்ட்ரியலில்
ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
குலாம் பாய் என் ஜிடிஐயைப் பிரிக்கிறார்.

பக்கெட் சீட் இரண்டும் போயிற்று.
வாங்க வந்த அஜ்மான் பையன்
விலை பேசும்போதே அதில் உட்கார்ந்து
இல்லாத ஸ்டியரிங்கைத் திருப்பினான்.
நான் டயர்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

தரையை உரசி ஓடியதை
மூன்று விரல் உயர்த்தியாயிற்று.
பின்கண்ணாடிகளுக்குத் தகரம்.
பின்சீட் இருந்த இடத்தில் பிளைவுட்;
அளவு பார்க்க கஸ்தூரி கொண்டுவந்தது
டேப் அல்ல,
இட்லி மாவு வாளி நான்கு.

"சைலன்சர்?" என்கிறார் பாய்.
கம்பெனியில் வந்ததையே போடுங்கள்.
காலை ஐந்தரைக்கு நஹ்தா ஃப்ளாட்களில்
குழந்தைகள் தூங்கும்.

டர்போவைப் பற்றி
அவரும் கேட்கவில்லை,
நானும் வாய் திறக்கவில்லை.

முதல் நாள். இருபது வாளி.
கிடங்குகளுக்குப் பின்னால்
ரேடார் இல்லாத ஒரு துண்டுச் சாலை.
வலது கால் தானாகக் கொஞ்சம் அழுந்தியது.
அந்த விசில்.

பின்னால் எங்கோ ஒரு மூடி
டப்பென்று கழன்றது.

கஸ்தூரி பில் புத்தகத்திலிருந்து
தலை தூக்காமல் சொன்னாள்:
"மாவே இன்னும் பொங்கலை.
அதுக்குள்ள நீங்களா?"