புல் தெரியவில்லை

ஷஹானியாவில் செம்மறிக் கொட்டகைக்கு ஏசி.
எங்கள் அறையில் மின்விசிறி, அதுவும் கிழக்குப் பக்கம் திரும்பாது.
குறையாகச் சொல்லவில்லை,
லாரியிலிருந்து குதிரைமசால் கட்டு இறக்குகிறவனுக்கு
எந்தக் காற்றும் காற்றுதான்.

கூயோ கட்டின் சீட்டைப் படித்தான்.
சூடான்.
"எங்கள் பக்கத்து நாட்டுப் புல்.
எங்கள் மாடுகளைத் தாண்டிக் கப்பலேறி
இங்கே வந்திருக்கிறது."

அப்போது போன் அதிர்ந்தது.
யாபெல்லோவிலிருந்து தங்கை கபாலேயின் குரல்.
பாதி அரபி, மீதி கையசைப்பில்
எனக்குச் சொன்னான்:

கன்னா மழை இந்த முறையும் பொய்த்ததாம்.
வானத்தில் ஒரு கண் இருக்கிறதாம்,
மேய்ச்சல் காட்டைப் பார்த்துவிட்டு
'புல் தெரியவில்லை' என்றதாம்.
அவன் சம்பளத்தில் கட்டிய தவணைக்கு,
மாடு சாகும் முன்பே
பணம் வந்துவிட்டதாம்.

"முன்பே?"
"முன்பே."

செத்தபின் கணக்கெடுக்க வருகிறவர்களைத்தான்
எனக்குத் தெரியும்.

பணம் தீவனத்துக்கு.
அது போதாதாம். நடக்கத் தெம்பிருக்கும்போதே
நாலு மாடுகளை விற்று
ஒரு பெண் ஒட்டகம் வாங்கப்போகிறாளாம்.
முள்ளையும் தின்னும், பத்து நாள் தண்ணீர் கேட்காது.
"சரிதான் அவள் சொல்வது" என்றான்.
கொஞ்ச நேரம் கழித்து,
"நாங்கள் மாட்டுக்காரர்கள்" என்றான்.

எந்த நாலு என்று கேட்டு வைத்துக்கொண்டான் போல.
நான் கட்டுகளை எண்ணினேன்.
அவன் பெயர் சொல்லி இறக்கினான்:
போரா.
குராச்சா.
தாலெச்சா.
நாலாவதை
ஒன்றும் சொல்லாமல் வைத்தான்.

உள்ளே முதலாளியின் ஆடுகள்
குளிரில் தும்மின.