சான்றுப்பொருள்

பினாங்கு லைட் ஸ்ட்ரீட் நீதிமன்றத்தில்
எனக்கு ஜுருபாசா உத்தியோகம்.
ஒரு வாயில் விழுவதை இன்னொரு காதில் போடவேண்டும்,
நடுவில் எனக்கென்று ஒரு சொல் கிடையாது.

இன்று மேசைமேல்
மூடியில்லாத ரைஸ் குக்கர், பி ஒன்று.
நாலு இருபதில் நின்றுபோன கடிகாரம், பி இரண்டு.
குழந்தைச் செருப்பு, ஒற்றை, பி மூன்று.
கம்பி ஒடிந்த குடை, பி நான்கு.
குடையில் கட்டிய அட்டை
குடையைவிடப் புதுசு.

கூண்டில் வீரையன் மகள் குசலாம்பாள்.
தஞ்சோங் தோக்கோங்கில் பதினான்காம் மாடி வீட்டை
ஒன்பது வருஷம் துடைத்தவர்.
வீட்டுக்காரர் ஊய் பின்வரிசையில்
விரல்களை ஒவ்வொன்றாக நெட்டி முறிக்கிறார்.

குற்றப்பத்திரிகை மலாயில் பாராங் என்கிறது.
வக்கீல் ஆங்கிலத்துக்குத் தாவுகிறார்:
அந்தத் திங்ஸை ஏன் எடுத்தாய்?

திங்.
இந்தச் சொல்லின் பூர்வீகம் எனக்குத் தெரியும்.
ஒரு மதியம் நாசி கண்டார் பொட்டலத்தைப் பிரிக்காமலே
அகராதியில் அதைத் தோண்டியிருக்கிறேன்.
ஆதியில் அது குடையல்ல, குக்கரல்ல.
குளிர்நாட்டில் ஊர்கூடிப் பிராது கேட்ட சபை.
பிறகு சபையில் அடிபட்ட விவகாரம்.
பிறகு விவகாரத்துக்குக் காரணமான
மாடோ வேலியோ கோடாலியோ.
கடைசியில், பெயர் மறந்துபோன எதுவும்.
சபை கலைந்துவிட்டது.
கோடாலி மட்டும் அதன் பெயரை வைத்துக்கொண்டது.

நம்மிடம் மட்டும் என்ன,
வழக்கு என்று ஒரு சொல் இருக்கிறதே:
நாலு பேர் பேசுவதும் அதுதான்,
நாலு பேர் முன்னால் நிற்கவைப்பதும் அதுதான்.

'அந்தப் பொருளையெல்லாம் ஏம்மா எடுத்தீங்க?'
குசலாம்பாள் மேசையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
'அதுல பொருளே இல்லீங்க சார்.'

மாஜிஸ்திரேட்டின் பேனா தாளுக்கு ஓர் அங்குலம் மேலே.
துறைமுகத்தில் ஃபெர்ரி ஒருமுறை ஊதுகிறது.
அது ஊதி ஓயும்வரைதான் எனக்கு அவகாசம்.

பெறுமதி இல்லை என்று பெயர்த்தால்
எடுத்ததை ஒப்புக்கொண்டதாகும்.
அர்த்தமில்லை என்றால்
நீதிமன்றத்தை நையாண்டி செய்ததாகும்.
ஒன்றுமே அங்கில்லை என்றால்
நான்கு அட்டைகளும் எழுந்து நின்று
அவரைப் பொய்க்காரி என்னும்.
மூன்றும் அவர் சொன்னதுதான்.
மூன்றில் ஒன்றையும் அவர் சொல்லவில்லை.

'நத்திங்' என்றேன்.
'இட் வாஸ் நத்திங்.'

பேனா இறங்கி எழுதியபோதுதான் கவனித்தேன்.
இல்லை என்று சொல்வதற்கும்
அந்த மொழிக்கு ஒரு திங் தேவைப்படுகிறது,
துடைத்து முடித்த தரையில்
துடைத்தவர் வெளியேறிய ஈரப் பாதம்போல.

ஊய் நெட்டி முறிப்பதை நிறுத்தியிருந்தார்.
பதினேழாம் தேதிக்கு ஒத்திவைப்பு.

வெளியே, வாளியைக் கவிழ்த்த மாதிரி மழை.
படியில் குசலாம்பாள்,
தலைக்குமேல் பிளாஸ்டிக் பை.
'என்னா சார் சொன்னீங்க அவங்ககிட்ட?'
நான் பதில் சொல்வதற்குள் பஸ் வந்துவிட்டது.

உள்ளே, பூட்டிய அலமாரியில்,
பி நான்கு
சொட்டு நனையாமல் இருக்கிறது.