ஒற்றை விசில்

ரெண்டு விசில் என்றால் போ.
ஒன்று என்றால் நில்.
பதினோரு வருசமாய்
அரப்பாளையத்துக்கும் உசிலம்பட்டிக்கும் நடுவே
இதைத்தான் ஊதிக்கொண்டிருக்கிறேன்.
உறக்கத்தில் ஒற்றை விசில் கேட்டாலும்
கை எழுந்து கம்பியைத் தேடும்.

கோட்டுக்குப் பின்னால் பந்தோடு நிற்கிறேன்.
அம்பயர் ஒரே ஒரு தடவை ஊதுகிறார்.
அவர் ஊரில் அதற்குப் 'போ' என்று பொருள்.
என் உடம்போ நின்றுவிடுகிறது,
தோள் ஒரு பக்கம், இடுப்பு ஒரு பக்கம்,
படிக்கட்டில் தொங்கும் பையன்கள் மாதிரி.
பிறகு பதறி அடிக்கிறேன்.
பந்து வலையில் விழுந்து இந்தப் பக்கமே உருள்கிறது.
"எறங்குறவுகள்லாம் எறங்கிக்கங்கப்பு"
என்று கத்துகிறான் திண்டுக்கல் டெப்போக்காரன் ஒருத்தன்.
எங்கள் ஆட்களும் சிரித்தார்கள்.
நல்ல பகடிதான், நானும் சிரித்திருப்பேன்
ஆட்டத்தை அந்த ஒரு பாயிண்ட்டில் விடாமல் இருந்திருந்தால்.

செக்கானூரணி டெப்போவின் பின்புறம்
டீசல் குடித்த மண்.
கடைசி டிரிப் முடிந்து
வண்டி கழுவும் இடத்து விளக்கில் நான் சர்வீஸ் போட
டயர் பிரிவு ஒச்சப்பன் கொட்டாவியோடு
போனில் பிடித்துத் தந்தான்.
மெதுவாய் ஓட்டிப் பார்த்தோம்.
அடிக்கிற கையில் குற்றமில்லை.
தூக்கிப்போடுகிற இடது கை,
பந்தை விடுகிற அந்த நொடியில்
கட்டை விரலால் லேசாய் ஒரு சுண்டு சுண்டுகிறது.
பந்து சுழன்றபடியே ஏறி
தலைக்குப் பின்னால் போய் இறங்குகிறது.
"டிக்கெட் கிழிக்கிறியா அண்ணே?" என்றான் ஒச்சப்பன்.
மெசின் வந்து எத்தனையோ வருசம்.
கட்டை விரலுக்கு யாரும் தகவல் சொல்லவில்லை.

மறுநாளிலிருந்து அடிப்பதை நிறுத்தினேன்.
தோல் பையை வலது தோளுக்கு நேராய்
ஒரு சாண் முன்தள்ளித் தரையில் வைத்தேன்.
விரல்களை மறந்து
உள்ளங்கையை மட்டும் உயர்த்தி
பந்தை மேலே வைத்துவிட்டு வரவேண்டும்,
எறியக் கூடாது,
லக்கேஜ் கம்பியில் பிறர் கூடையை ஏற்றுவதுபோல.
விழுகிற பந்து பைமேல் விழுந்தால்
உள்ளே என் சொந்தச் சில்லறை குலுங்கும்.
பகலெல்லாம் 'சில்லறை இல்லை' என்று சொல்கிறவன் நான்.
ராத்திரியில் பை உண்மையைப் பேசியது.
முதல் நாள் ஐம்பதுக்கு ஒன்பது.
மழை வந்த வியாழன், பதினாறு.
ஒரு சனிக்கிழமை நாற்பத்தொன்று;
அன்றைக்கு எண்ண ஆள் இல்லை.

அடி, அதற்கப்புறம்.
கை எட்டுகிற உச்சியில்
உள்ளங்கையின் அடிமேட்டால்
பந்தின் நட்ட நடுவில்,
மணிக்கட்டைப் பூட்டி, ஒரே தட்டு.
தட்டியதும் கை அங்கேயே நிற்கவேண்டும்.
தொடர்ந்து போனால் பந்து சுழலும்;
சுழலும் பந்தை எவனும் எடுப்பான்.
நின்ற கையிலிருந்து போகும் பந்துதான் அலையும்.
நிற்பது.
அது எனக்குத் தெரிந்த வேலை அல்லவா!
தப்பான இடத்தில் செய்துகொண்டிருந்தேன், அவ்வளவே.

ரேஸ்கோர்ஸ் மைதானம்.
மறுபடி திண்டுக்கல், மறுபடி அந்த வாய்.
அம்பயர் ஊதினார்.
ஊதியபின் எட்டு விநாடி உண்டு.
கருமாத்தூரில் காலேஜ் பிள்ளைகள் ஏறி முடிக்க அது காணாது.
எனக்குக் காணும்.
எல்லாரும் ஏறட்டும் என்று நின்றேன்:
தோள், இடுப்பு, முன்னங்கால்.
மனசுக்குள் ரெண்டு விசில்.
பந்தை மேலே வைத்தேன், தட்டினேன்,
கைக்கு ஒற்றை விசில்.
ஸ்டியரிங் ஆட்டம் கண்ட பழைய வண்டியாய்
இடதா வலதா என்று முடிவு செய்யாமலே போன பந்து
வாய்க்காரன் மணிக்கட்டில் பட்டுப் பந்தலுக்குள் புகுந்தது.
அடுத்ததும் அப்படியே.
மூன்றாவது கோட்டுக்கு வெளியே ஒரு முழம்.
செட் அவர்களுக்குத்தான்.

திங்கள் காலை, நாகமலை புதுக்கோட்டை.
ஆள் ஏறியாயிற்று, வாயில் விசில்,
ஊதாமல் நிற்கிறேன்.
கண்ணாடியில் பார்க்கிறார் டிரைவர் சுருளிவேல்.
"என்னப்பு,
இன்னும் எத்தனை விநாடி பாக்கி?"