சரக்கு எண் 418

பள்ளத்தூர் வீட்டை இடித்த சரக்கில்
தேக்குத் தூண் ஆறு, எனாமல் தூக்கு இருபது,
சாவியில்லாத பூட்டு ஒரு சாக்கு.
கடைசியாக ரங்கூன் முத்திரையோடு ஒரு பெட்டி.
உள்ளே வைக்கோல். வைக்கோலுக்குள்
உரல் மாதிரி ஒன்று, ஆனால் உரல் இல்லை.

"உரல் உடைசல்னு போடு" என்றார் சாத்தப்பன்.
போட்டேன். பிறகு கோடிட்டு அடித்தேன்.
உரலுக்கு எதற்கு உள்ளே இத்தனை அறை?
உடைந்த முகம் தேன்கூடு போலிருந்தது.
ஏனென்று தெரியாது, நாக்கால் தொட்டேன்.
ஒட்டிக்கொண்டது.

நீளம் இருபத்திரண்டு அங்குலம்.
அகலம் பதினாறு. ஒரு பக்கம் இல்லை.
நிறம் பழைய சுண்ணாம்பு.
விலை கேட்டுச் சொல்லவும்.

படம் போன அரைமணியில்
திருச்சியிலிருந்து ரெஜினா பேசினார்,
கல்லூரியில் பாறைகளைப் பாடம் எடுப்பவர்.
"அது கல் இல்லைங்க. கழுத்து."
வியாழக்கிழமை வருகிறேன், துணி சுற்றி வையுங்கள்,
தண்ணீர் படக் கூடாது. படவே கூடாது.

செவ்வாய் இரவு காரைக்குடியில் மழை.
எங்கள் கிடங்குத் தகரம்
விலை போகாத சரக்கின் மேல்தான் ஒழுகும்.
காலையில் துணி இருந்தது.
துணிக்குள் வெள்ளையாய்க் குழைந்த ஏதோ.
எத்தனை கோடி வருடம் தாங்கியது,
எங்களிடம் ஏழு நாள்.

ரெஜினா அழவில்லை.
ஒரு விரலால் தொட்டார், விரலைத் துடைக்காமல்
"அளந்தீங்களா?" என்று மட்டும் கேட்டார்.
நூல் கட்டிய சீட்டைக் கொடுத்தேன்.

பெட்டிமேல் உட்கார்ந்து
பில் தாளின் பின்பக்கம் வரைந்தார்.
ஒரு எலும்பு. அதன் முன்னும் பின்னும்
புள்ளிப் புள்ளியாய் இன்னும் பதினான்கு.
தோள், வயிறு, தூண் தூணாக நான்கு கால்.
தாள் போதாமல் வால் மடங்கி
முன்பக்கத்து ஜி.எஸ்.டி. எண்ணில் முடிந்தது.

தலை?
"கிடைக்கலை. அவ்வளவு நீளக் கழுத்தில்
அத்தனை சின்னத் தலை. முதலில் கழன்று போவது அதுதான்."
என்ன தின்னும்?
"இலை. நாள் முழுக்க இலை. மெல்லாமல் விழுங்கும்."
சாத்தப்பன் குறுக்கே வந்தார்:
"முழுசா இருந்தா என்ன விலை போகும்?"

கார்த்திகையில் ஊஞ்சல் பலகை வாங்கியவர்
சண்டைக்கு வந்தார். அறுபத்திரண்டு என்றீர்கள்,
அறுபதுதான் இருக்கிறது.
அப்போதுதான் நாடாவின் முனையைப் பார்த்தேன்.
இரண்டு வரை கிழிந்திருக்கிறது.
என்றைக்கென்று யாருக்குத் தெரியும்.

எலும்புக்கு இரண்டு அங்குலம். பதினைந்து எலும்பு.
எங்கும் இருந்திராத இரண்டரை அடிக் கழுத்து
இப்போது ரெஜினாவின் கட்டுரையில் இருக்கிறது.
தனக்கு எட்டாத ஒரு கிளையை
எட்டித் தின்றுகொண்டிருக்கிறது
என் கையெழுத்தில்.

அவர் எண்ணை அழுத்தினேன். ஒரு மணி அடித்தது.
எடுப்பதற்குள் வாசலில் லாரி,
ஆறாவயல் வீட்டுச் சரக்கு.
வைத்துவிட்டு இறங்கினேன், அதே நாடாவோடு.
அன்று முழுக்க
எல்லாவற்றிலும் இரண்டைக் கழித்தேன்.