கல்லாறு, ரூம் டோன், டேக் இரண்டு

படத்தில் அவர்கள் சிநேகிதர்.
படப்பிடிப்பில் முதல் ஐந்து நாளும்
ஒருவரோடொருவர் கதைக்கவில்லை.
எனக்குத் தெரியும்.
இரண்டு பேரின் சட்டைக்குள்ளும் என் மைக் இருந்தது.

உதுமாலெவ்வை, எழுபத்தொன்று, மருதமுனை.
முப்பத்திரண்டு வருடம் வீடு வீடாய்ப் போய்
கரண்ட் மீட்டர் பார்த்தவர்.
எந்தக் கேற்றில் எந்த நாய் என்று இன்னும் சொல்வார்,
அந்த நாய்கள் செத்துவிட்டதைச் சொல்லமாட்டார்.

யதுர்ஷிகா, பத்தொன்பது, பெரியகல்லாறு.
களுவாஞ்சிகுடியில் போன் திருத்தும் கடையில் வேலை.
அவரை "அங்கிள்" என்றாள்.
அவர் அவளை "அந்தப் புள்ள" என்றார்,
அவள் பக்கத்தில் நிற்கும்போதே.

கதை இதுதான்: பஸ் தரிப்பிடத்தில்
ஒரு கிழவரும் ஒரு பெட்டையும்
வராத பஸ்ஸுக்குக் காத்திருக்கிறார்கள்.
ஆனால் பஸ் வந்துகொண்டே இருந்தது.
கல்முனை பஸ் ஒவ்வொன்றும் எங்களைக் கண்டு நிறுத்தியது,
கொண்டக்டர் தகரத்தில் தட்டி
"ஏறுங்க, ஏறுங்க" என்றான்.
கொழும்பிலிருந்து வந்த இயக்குனர்
வீட்டை ஈடு வைத்த மனிசன்,
ஒவ்வொரு பஸ்ஸுக்கும் ஒரு "கட்" சொன்னார்.

ஆறாம் நாள்.
"என் தனிமை ஒரு தீராத நதி" என்று
உதுமாலெவ்வை சொல்லவேண்டும்.
பதினான்கு டேக்.
பதினைந்தாவதில் கேட்டார்:
"இப்பிடி ஒரு மனிசன் கதைப்பானா தம்பி?
காய்ச்சல் தலைக்கடிச்சாத்தான்."
அவள் சிரித்த சிரிப்பில்
என் ஊசி சிவப்புக்குப் போனது.

அதன் பிறகு மைக் இருப்பதை இருவரும் மறந்தார்கள்.
நான் ஞாபகப்படுத்தவில்லை. பிழைதான்.

அவருடைய போன் திரை உடைந்திருந்தது.
மாற்ற நாலாயிரத்து இருநூறு.
"பகல் கொள்ளை."
"அப்ப வெடிச்ச கண்ணாடிக்குள்ளயே பாத்துக்கொண்டிருங்க."
இன்னொரு நாள், மழை விடும்வரை ஒதுங்கியபோது,
கட்டாரிலிருந்து அப்பா எடுப்பது குறைந்துவிட்டதென்று
ஒரேயொரு வசனம் சொன்னாள்.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
பல்லிடுக்கில் பாக்குத் தேடும் சத்தம்.
மறுகா,
"அங்க இப்ப எத்தின மணி?" என்றார்.
அவள் சொன்னாள்.
அவ்வளவுதான். மழை விட்டது.

திரை மாற்றியாயிற்று. காசு இன்னும் தீரவில்லை.
கிழமைக்கு இருநூறு,
பஸ்ஸுக்குப் போக வர அதில் முக்கால்வாசி போகும்.
பென்சன் வருகிறதே, ஒன்றாகக் கொடுத்தாலென்ன என்றேன்.
"மீட்டர் ஒரேயடியா ஓடாது தம்பி."
எட்டுக் கிழமை போய்விட்டது.
மிச்சம் இரண்டாயிரத்து அறுநூறென்று
அவள் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறாள்,
சிவப்புப் பேனையால்.

ஒவ்வொரு இடத்தையும் விட்டுப் போகுமுன்
ஒரு நிமிடம் எல்லாரும் அசையாமல் நிற்கவேண்டும்.
ஆட்கள் பேசாத அந்த இடத்தின் சத்தத்தை
நான் எடுத்துக்கொள்வேன்.
கல்லாற்றுப் பாலத்தடியில் டேக் ஒன்றை
பாண் ஆட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு வந்து கெடுத்தது.
டேக் இரண்டு:
நாற்பத்தொரு வினாடி காற்று,
வள்ளத்தில் தண்ணி மொத்துவது.
நாற்பத்திரண்டில் உதுமாலெவ்வையின் வயிறு,
துருப்பிடித்த கேற் திறப்பதுபோல் நீளமாக.
நாற்பத்தைந்தில் யதுர்ஷிகா மூச்சைப் பிடிக்கிறாள்.
பிடித்த மூச்சுக்கும் சத்தமுண்டு.
"பாவிக்கேலாது" என்று இயக்குனர் குறித்தார்.

மட்டக்களப்பில் திரையிட்டோம்.
முப்பத்தொரு பேர், நாலு மின்விசிறி.
கடைசிக் காட்சியில் இருவரும்
ஒன்றும் பேசாமல் பிரிகிறார்கள்.
நெடிய அமைதி. அந்த அமைதியைப் போட்டவன் நான்.
இயக்குனருக்கு இன்றுவரை தெரியாது.

நாற்பத்திரண்டாம் வினாடி.
முன்வரிசையில் இரண்டு முதுகுகள் குலுங்கின,
ஒன்று வெள்ளைச் சேட், ஒன்று மஞ்சள்.
"அழுகிறார்கள் போல" என்றார்
பக்கத்தில் இருந்தவர், தன் கண்ணையும் துடைத்து.

ஓம் என்றேன்.