படையில்லாத நாட்டின் படையெடுப்பு

இரவு இரண்டு மணிக்கு
ஐஸ்லாந்து என்மேல் போர் தொடுத்தது.
வெட்சி சூடவில்லை, வஞ்சி சூடவில்லை,
ஒரு வாய்த்தகராறுகூட இல்லை.
ஐந்து நிமிடம் முன்புதான்
எண்ணெய்க்கு மீன் என்று கையெழுத்திட்டிருந்தோம்.

நான் நார்வே.
விளையாட்டுக்கு வெளியே
ஈசாஃபியூர்தூரில் மீன் வெட்டும் சோல்ரூன்.
இங்கே ராணுவம் கிடையாது.
கரைக்காவல் கப்பல்கள் உண்டு, விரல்விட்டு எண்ணலாம்;
ஒன்றில் என் தம்பி தோர்கில்ஸ்
உருளைக்கிழங்கு உரிக்கிறான்.

திரையிலோ நானூறு டாங்கிகள்
கடல்மேல் நடந்து வருகின்றன.
நாலு லட்சம் பேர்கூட இல்லாத நாட்டில்
எட்டு லட்சம் சிப்பாய்கள்.
யார் பெற்றார்கள் இவர்களை?
கணினி பெர்கனைப் பிடித்தது,
பிடித்ததை மறந்தது,
பிரேசிலுக்குக் கிளம்பிவிட்டது.

சரி, விமானங்களை ஏவலாம் என்று
வரைபடத்தைப் பெரிதாக்கினேன்.
என் ஊர் ஒரு சாம்பல் கட்டம்.
பெயரில்லை. ‘தொழிற்சாலை, இரண்டாம் நிலை.’
காலை ஆறு மணிக்கு எனக்கு அங்கேதான் ஷிப்ட்.

விரல் மவுஸ்மேல் நின்றது.
வெளியே பனி அள்ளும் வண்டி
ஜன்னலை மஞ்சளாக்கிக் கடந்தது.
சமாதானம் கேட்டுப் பார்த்தேன்.
மறுத்துவிட்டார்கள்,
என் ஊர்க்காரர்கள்.

எதற்கும் இருக்கட்டும் என்று
தம்பிக்கு ஒரு செய்தி போட்டேன்:
‘பிரேசில் பக்கம் எங்கேயும் போகலையே?’