அரைப்பேர்

எல்லயில் மழை விட்ட காலை.
நாலாம் அறைக்கு நான் கொண்டுபோன தேநீரைத்
திர்சா தொடவில்லை,
ரொட்டியையும் பப்பாளியையும்கூட.
"காய்ச்சலா?" என்றேன்.
"நோன்பு. நட்சத்திரம் தெரியும்வரை
தண்ணீரும் இல்லை."

இரவுக் காவலுக்கு வருமுன்
பதினோரு வருசம் தோட்டத்தில் தராசு பிடித்தவன் நான்.
அதை அவளிடம் சொல்லத் தேவையில்லை.
சொன்னேன்.

எங்கள் இருவரின் உடைந்த ஆங்கிலத்தில்
இரண்டு ஆடுகள் நடந்து வந்தன.
சீட்டுப் போட்டு
ஒன்றைக் கோவிலில் அறுப்பார்களாம்.
மற்றதன் தலையில் கைவைத்து
ஊரின் குற்றத்தையெல்லாம் ஏற்றி
பாலைவனத்துக்கு ஓட்டிவிடுவார்களாம்.
அந்த ஒருநாள் மட்டும்
யாரும் உச்சரிக்காத கடவுளின் பேரைப்
பெரிய குரு வாய்விட்டுச் சொல்வாராம்,
கேட்டவர்கள் முகங்குப்புற விழுவார்களாம்.

"பேரை முழுசாகவா?" என்றேன்.
அவளுக்குப் புரியவில்லை.

பதினெட்டுக் கிலோவுக்கு ஒரு பேர்.
குறைந்தால் அரைப்பேர்.
எங்கள் செக்ரோலில் மனுசியைப்
பாதியாகவும் எழுதலாம்.
ஈரத்துக்கு ஒன்று, சாக்குக்கு ஒன்று,
நாளுக்கு இரண்டு கிலோ கழித்தேன்.
பத்தொன்பது கொண்டுவந்தவள் பதினேழானாள்.
தராசு முள் நடுங்கும். என் கை நடுங்கியதில்லை.
கழித்த கொழுந்து
மலைக்கே வராத இரண்டு பேரின் பேரில் ஏறியது;
அந்தச் சம்பளத்தில் எனக்கும் பங்கு.

திருவிழாவில் ரோதை முனிக்குக் கிடா வெட்டினேன்.
ரத்தம் சூடாகத்தான் இருந்தது.
கறி லயமெங்கும் போயிற்று,
பேச்சியம்மாவுக்கும் ஒரு கூறு.
மறுநாள் அவளிடமே
இரண்டு கிலோ.

"இப்போது கோவில் இல்லை, ஆடும் இல்லை.
இரண்டாயிரம் வருசமாக வெறும் வார்த்தை," என்றாள் திர்சா.
"ஆனால் மனுசருக்குச் செய்ததை
இந்த நோன்பு கழுவாது.
அவர்களிடமே போகவேண்டும்.
பறித்ததைத் திருப்பவேண்டும்,
மேலே ஐந்தில் ஒன்றும்."

பறித்தது.
என் பாஷையில் அதற்கு இரண்டு அர்த்தம்.
அவள் பறித்தாள்,
நானும்.

"செத்துப்போனவளிடம்?"
தட்டை நகர்த்திவிட்டுக் கொஞ்சநேரம் பேசாதிருந்தாள்.
"பத்துப் பேரோடு அந்தக் குழிக்குப் போய்ச் சொல்லவேண்டும்."

மறுநாள் பண்டாரவளை பஸ்ஸில் யோசித்தேன்:
இங்கே ஆட்டை எங்கே ஓட்டுவது?
எல்லா மலைக்கும் நம்பர் உண்டு.
ஏழாம் நம்பரில் விரட்டினால் ஒன்பதில் மேயும்.
பொழுது சாய
யாரோ ஒருத்தியின் லயத்து வாசலில் வந்து நிற்கும்,
ஏற்றிவிட்டது ஒன்றும் இறங்காமல்.

பத்துப் பேர் கிடைத்தார்கள்.
பத்துப் பேரிடமும் கழித்திருந்தேன்.
பேச்சியம்மாவின் குழி தேயிலைக்குள் போய்விட்டது,
"இந்தச் சவுக்குதான் அடையாளம்" என்றாள் மருதாயி.
தொண்டை அடைத்தது எனக்கு.
"மழ வருது. கொழுந்து நனைஞ்சா
ஈரத்துக்குக் கழிப்பாங்க, சட்டுனு சொல்லுங்க"
என்றாள் இராக்காயி.
யாரோ சிரித்தார்கள்.

சொன்னேன்,
செக்ரோல் நம்பர் இருநூற்றுப் பதினான்கு,
கருப்பணன் மகள் பேச்சியம்மாள்.
முழுப்பேர்.
செய்ததையும் சொன்னேன்.
யாரும் முகங்குப்புற விழவில்லை.

ஒருத்தி காறித் துப்பிவிட்டு நடந்தாள்.
இன்னொருத்தி,
"அவ மக கட்டுநாயக்காவுல, கார்மென்ட்டுல.
காச அங்க அனுப்பு."
மருதாயி படங்கை உதறிக் கட்டினாள்:
"அப்ப எனக்கு எவ்வளவு?"

பீடிக்கட்டுத் தாளைப் பிரித்துக்
கல்லில் வைத்துக் கணக்குப் போட்டேன்.
இரண்டு கிலோ. ஐந்தில் ஒன்று நானூறு கிராம்.
இரண்டு கிலோ நானூறு,
அரைப்பேர் விழுந்த நாளுக்கு மீதி அரையும் வேறு,
பெருக்கல் பதினோரு வருசம்.
ஈரத்தாளில் பென்சில் பிடிக்கவில்லை.
மருதாயி குனிந்து
தன் கூடையால் மழையை மறைத்தாள்.
"மொதல்ல பேர எழுதுங்க" என்றாள்.